கறிக்கு எடுத்த மீன்

1

முதலில் மன்னிப்புக் கேட்டுவிட்டுத் தொடங்குகிறேன். என் கையெழுத்து கோழி கிளறிய மண் போல இருக்கும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு என் கை பிடித்ததெல்லாம் கயிறும் துடுப்பும்தான். எந்த இடத்தில் எந்த ‘ர’ வரும் என்பது இன்றைக்கும் எனக்குச் சந்தேகம். கோயில் திருவிழா மலருக்காக இதைத் தட்டெழுதப் போகிற பிள்ளை, பிழைகளைத் திருத்திக்கொள்ளுங்கள். நடந்ததைத் திருத்த வேண்டாம்.

வெளிநாட்டில் இருக்கிறவர்கள் தங்கள் அனுபவத்தை எழுதித் தாருங்கள் என்று நம் ஊர் இளைஞர்கள் வருடா வருடம் கேட்கிறார்கள். நான் ஒளித்துக்கொண்டே இருந்தேன். மரியநாயகம் கதைக்கிற ஆள் இல்லை என்பது முல்லைத்தீவுக் கரையில் என்னோடு வளர்ந்தவர்களுக்குத் தெரியும். பூசையிலும் கடைசி வாங்குப் பலகையில் தூணுக்குப் பின்னால்தான் இருப்பேன். போன வருடம் இதே நாட்களில் ஒரு விஷயம் நடந்தது. அது இன்றைக்குத்தான் ஒரு கரைக்கு வந்திருக்கிறது. அதனால் எழுதுகிறேன்.

2

நான் இருப்பது நோர்வேயின் தெற்கில், கடலோரச் சிற்றூர் ஒன்றில். முதியோர் இல்லத்துச் சலவை அறையில் வேலை. மெசினிலிருந்து சுடச்சுட வருகிற படுக்கை விரிப்பை மார்போடு அணைத்து மடிக்க வேண்டும். பனிக்காலத்தில் அதைவிடச் சுகமான வேலை இந்த நாட்டில் இருக்குமென்று நான் நினைக்கவில்லை. அங்கே யாரோடும் கதைக்கத் தேவையில்லை. இந்த நாட்டுச் சனமும் என்னைப் போலத்தான். பஸ்ஸில் பக்கத்து இருக்கை காலியாகக் கிடந்தாலும் நின்றுகொண்டே வருவார்கள். கூச்சக்காரனுக்கு ஏற்ற நாடு.

மொழிதான் எனக்கு ஏறவில்லை. பதற்றம் வந்தால் எல்லாவற்றுக்கும் ‘நன்றி’ என்றுதான் வாயில் வரும். ஒருமுறை பல் வைத்தியர் வலிக்கிறதா என்று கேட்டார். நன்றி என்றேன். அவர் துளைத்துக்கொண்டே போனார்.

எனக்கு இங்கே தந்திருக்கிற பயணப் பத்திரத்தில் ஒரு வரி இருக்கிறது. உலகத்தின் எந்த நாட்டுக்கும் போகலாம், இலங்கைக்கு மட்டும் போக முடியாது. மொழிப் பரீட்சையில் இரண்டு தரம் தவறி, மூன்றாம் தரம் ஒருவாறு தேறி, போன வருடம் குடியுரிமைக்கு விண்ணப்பித்தேன். அது கிடைத்தால் கடவுச்சீட்டு வரும். கடவுச்சீட்டு வந்தால் அண்ணரைப் பார்க்கலாம். அண்ணருக்குப் பாரிசவாதம் வந்து வலது பக்கம் முழுவதும் விழுந்துவிட்டது. கரையில் கதிரை போட்டு இருத்திவிடுகிறார்கள். தை மாதம் வருகிறேன் என்று அவரிடம் சொல்லியிருந்தேன். அவர் அதைக் கரை முழுக்கச் சொல்லிவிட்டார்.

என் விண்ணப்பம் பொலிசாரின் கையில் இருந்தது. குற்றம் எதுவும் இருக்கக்கூடாது. ஒரு சின்னத் தண்டம் கட்டியிருந்தாலும் தள்ளிப்போடுவார்கள். அந்த நாட்களில் சிவப்பு விளக்கில், வாகனம் ஒன்றுமில்லாத தெருவிலும், நான் மட்டும் நின்றுகொண்டிருப்பேன்.

3

அன்று காலை வேலை முடிந்து கடலோரப் பாதையால் வீட்டுக்கு நடந்தேன். ஒரு வளைவில் சின்ன மணற்கரை இருக்கிறது. செம்மஞ்சள் மழையுடுப்புப் போட்ட நாலைந்து பேர் அங்கே நின்றார்கள். சிறிய படகு ஒன்றால் வலையை வளைத்து விட்டுவிட்டு, கரையில் நின்று இரண்டு பக்கக் கயிற்றையும் இழுத்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் கரைவலை பெற்ற குழந்தை போல ஒரு வலை.

நான் யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் பாதையிலேயே நின்றிருப்பேன். போய்க் கயிற்றின் கடைசியைப் பிடித்தேன். எனக்கு முன்னால் நின்ற பெண்பிள்ளை திரும்பிப் பார்த்தாள், சிரித்தாள், கொஞ்சம் இடம் விட்டாள். ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. குதிக்காலை மணலில் ஊன்றிப் பின்னுக்குச் சாய்ந்தபோது, பல வருடமாகக் கழற்றி வைத்திருந்த ஒரு உடம்பைத் திரும்பப் போட்டுக்கொண்டது போல இருந்தது.

எங்கள் கரை வழக்கம் பெரியவர்களுக்குத் தெரியும். இளம் பிள்ளைகளுக்காக எழுதுகிறேன். வலை இழுபடும்போது கரையால் போகிற எவனும் கயிற்றில் கை வைக்கலாம். யாரும் கூப்பிடுவதுமில்லை, தடுப்பதுமில்லை. மீன் அடைபட்ட வலையின் மடி கரையேறியதும் கை கொடுத்தவன் கறிக்குக் கொஞ்ச மீன் எடுத்துக்கொண்டு போவான். கேட்பதில்லை. கேட்டால் வலைக்காரச் சம்மாட்டிக்குக் கோபம் வரும். சில நேரம் சம்மாட்டியே ஒரு சின்னக் குவியலை ஒதுக்கி விடுவார். அதையும் கையில் தரமாட்டார், மணலில்தான் வைப்பார். கையில் கொடுத்தால் அது பிச்சை. மணலிலிருந்து நீ எடுத்தால் அது உன்னுடையது.

மடி வந்தது. அவர்கள் நீலத் தொட்டிகளில் கடல் தண்ணீர் விட்டு மீன்களைப் போட்டார்கள். நான் நடுத்தரமான கொட் மீன் இரண்டை எடுத்து என் பையில் போட்டுக்கொண்டு நடந்தேன். பின்னாலிருந்து ஒரு பெண் ஏதோ சொல்லிக் கூப்பிட்டார். நான் திரும்பிக் கையைக் காட்டி, ‘நன்றி’ என்றேன். அவர்கள் அப்படியே நின்றார்கள்.

வீட்டில் என் மனைவி றெஜினா மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்துவிட்டு எங்கே வாங்கியது என்று கேட்டாள். வாங்கவில்லை, இழுத்தேன் என்றேன். புளி தூக்கலாக விட்டுக் குழம்பு வைத்தாள். இரண்டு தலையையும் நான்தான் சூப்பினேன். அவ்வளவு நிம்மதியாக நான் சாப்பிட்டு எத்தனை காலம்.

4

அடுத்தநாள் மகள் அனிற்றா பள்ளிக்கூடத்தால் வந்து, சப்பாத்தைக்கூடக் கழற்றாமல், போனை என் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்தாள். அப்போது பதினைந்து வயது. தமிழ் கதைப்பாள், வாசிக்கத் தெரியாது.

“அப்பா, இது நீங்களோ?”

பின்னாலிருந்து எடுத்த படம். முகம் இல்லை. நீலக் கம்பளித் தொப்பி, கையில் கடைப்பை. நான்தான். ஊர்ச் செய்தித்தாளில் வந்திருந்தது. அனிற்றா வாசித்துச் சொன்னாள். கடல் ஆராய்ச்சிக்காரர் ஒவ்வொரு இலையுதிர் காலத்திலும் அதே இடங்களில் வலை வளைத்து, மீன்களை எண்ணி அளந்து திரும்பக் கடலில் விடுவார்களாம். அந்தக் கரையில் கொட் மீன் அருகிவிட்டதால் ஒன்றுகூடப் பிடிக்கத் தடையாம். முறைப்பாடு பொலிசுக்குப் போய்விட்டது. ஆளைத் தெரிந்தவர்கள் அறிவிக்கட்டாம். கீழே சனங்கள் நிறைய எழுதியிருந்தார்கள். அது என்ன என்று கேட்டேன். “அது வேண்டாம்” என்றாள். எனக்கு விளங்கிவிட்டது.

“ஏனப்பா கேக்காமல் எடுத்தனீங்கள்?”

“அதுக்குக் கேக்கிறதில்லை.”

“ஆர் கேக்கிறதில்லை?”

அவள் போனைத் திருப்பி எடுத்தாள்.

“என்ர வகுப்பில இந்தப் படத்தைப் பாத்துச் சிரிச்சவை. நானும் சேர்ந்து சிரிச்சனான், அப்பா. பிறகுதான் தொப்பியைப் பாத்தனான்.”

றெஜினா குசினியிலிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். வந்து, “முகம் தெரியேல்லத்தானே, பேசாமல் இருங்கோ” என்று சொல்லிவிட்டு என் தொப்பியை எடுத்து அலுமாரியில் அடிப்பக்கம் திணித்தாள். எங்கள் விண்ணப்பமும் அதே பொலிசிடம்தான் கிடக்கிறது என்பதை அவள் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை. அவளுக்கும் ஊரில் தங்கச்சி இருக்கிறாள்.

அதற்குப் பிறகு நான் கடலோரப் பாதையால் போகவில்லை. வெறுந்தலையோடு, காது விறைக்க, மலைப்பக்கத்தால் சுற்றிப் போனேன். சலவை அறையில் என்னோடு வேலை செய்கிற மாரித் என்ற பெண், யாரோ ஒருவன் ஆராய்ச்சி மீனைத் தூக்கிக்கொண்டு போனானாம், போகும்போது நன்றி வேறு சொன்னானாம் என்று சிரித்துச் சிரித்துச் சொன்னாள். நான் விரிப்பின் இரண்டு முனைகளையும் சேர்த்துப் பிடித்தேன். முனைகள் சேரவில்லை. வீட்டு மணி அடித்தால் மூன்று பேரும் ஒரே நேரத்தில் சாப்பாட்டை நிறுத்துவோம்.

5

அண்ணரிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஒருநாள் காலையில் போன் எடுத்தேன். இடது கையால் போனைப் பிடித்திருந்தபடியால் அவருடைய பாதி முகமும் மீதி வானமும்தான் தெரிந்தது. முழுவதையும் கேட்டுவிட்டுச் சிரித்தார்.

“நீ இழுத்தனியோ இல்லையோ?”

“இழுத்தனான்.”

“கடைசி மட்டும்?”

“மடி ஏறுமட்டும் நிண்டனான்.”

“பிறகென்னடா களவு?”

“இஞ்ச அப்பிடி இல்லையண்ணை.”

“இஞ்ச மட்டும் இருக்கோ? இப்ப ட்ரக்டர்தான் வலை இழுக்குது. ட்ரக்டருக்கு ஆர் கறிக்குக் குடுக்கிறது?”

பிறகு சிரிப்பை விட்டுவிட்டார். வாயைப் பொத்திக்கொண்டு இரு, மீனென்ன மீன், தை மாதம் என்னைப் பார்க்க வந்துவிடு என்றார். அதை இரண்டு தரம் சொன்னார். இரண்டாம் தரம் குரல் கொஞ்சம் வேறாக இருந்தது.

அவர் சொன்னபடியே இருந்திருக்கலாம். ஒருவரும் கண்டுபிடித்திருக்க மாட்டார்கள் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். ஆனால் எனக்கு, போர் முடிந்தபோது எங்களை அடைத்து வைத்திருந்த செட்டிகுளத்து முகாம் ஞாபகம் வந்தபடியே இருந்தது. கடல் இல்லாத இடத்தில் நான் இருந்தது அதுதான் முதல் தடவை. அனிற்றா அந்தச் செம்மண்ணில்தான் தவழ்ந்தாள். சாப்பாட்டு வாகனம் வந்தால் வரிசையில் நிற்க வேண்டும். அண்ணர் நிற்க மாட்டேன் என்று கூடாரத்துக்குள் முகத்தைத் திருப்பிக்கொண்டு படுத்துவிட்டார். அவருடைய கோப்பையையும் நான்தான் நீட்டினேன். தந்தவர்கள் நல்ல மனிதர்கள். குறை சொல்லவில்லை. ஆனால் அன்று நீட்டத் தொடங்கிய கையை நான் மடக்கவே இல்லை. எந்த அலுவலகத்துக்குப் போனாலும், எந்தக் கதவைத் திறந்தாலும், முதலில் கை நீண்டுவிடும். தராவிட்டாலும் நன்றி சொல்லும்.

அந்த இரண்டு மீன்தான், அதற்குப் பிறகு நான் ஒருவரிடமும் கேட்காமல் எடுத்தது. இழுத்து எடுத்தது. ஒளித்துக்கொண்டால் அது களவாகிவிடும். பிறகு எனக்கென்று அதுவும் இல்லை.

6

ஆராய்ச்சி நிலையத்துக்கு வரச்சொல்லி அனிற்றாவைக் கேட்டேன். அவள் மாட்டேன் என்றாள். தொலைபேசியில் மொழிபெயர்ப்பாளர்கள் இருக்கிறார்களே என்றாள். அவர்கள் கரை தெரியாதவர்கள் என்றேன்.

“எனக்கு மட்டும் தெரியுமோ?”

நியாயமான கேள்வி. பஸ்ஸில் போகிறபோது சொல்கிறேன் என்றேன். என்ன நினைத்தாளோ, சப்பாத்தைப் போட்டாள்.

பஸ்ஸில், வாழ்க்கையில் முதல் தரமாக, நிறுத்தாமல் கதைத்தேன். கயிறு, மடி, மணலில் வைக்கிற குவியல், செட்டிகுளத்து வரிசை, பெரியப்பாவின் கோப்பை. அவள் யன்னலுக்கு வெளியேயே பார்த்துக்கொண்டிருந்தாள். கேட்கிறாளா என்றுகூடத் தெரியவில்லை.

அன்று கரையில் குரல் கொடுத்த பெண்தான் அங்கே இருந்தார். பெயர் இங்கிரிட். நரைத்த தலை, காற்றில் உலர்ந்த முகம். வாசலில் நின்று, பையிலிருந்த நீலத் தொப்பியை எடுத்துப் போட்டுக்கொண்டேன். அவர் கதிரையிலிருந்து எழும்பிவிட்டார்.

நான் சொன்னது நாலு வசனம்கூட இருக்காது. அனிற்றா சொன்னது மிக நீளம். இடையில் இரண்டு கைகளாலும் ஏதோ ஒன்றை மேசையில் வைப்பது போலக் காட்டினாள். இங்கிரிட் குறுக்கிடவில்லை. கடைசியில் ஒரு கேள்வி கேட்டார்.

“அந்த மீன்களின்ர தலை எங்கயாம் அப்பா? தலைக்குள்ள ஒரு சின்னக் கல்லு இருக்காம். அதில வயசு தெரியுமாம்.”

“சூப்பிப் போட்டனான்.”

“அதை எப்பிடிச் சொல்லுறது?”

“உள்ளதைச் சொல்லு.”

சொன்னாள். இங்கிரிட் சிரிக்கவில்லை. எழுதிக்கொண்டார். மீன் எவ்வளவு நீளம் என்று கேட்டார். தெரியாது, கறிக்கு எடுக்கிற மீனை நாங்கள் அளப்பதில்லை என்றேன். அதையும் எழுதினார். முறைப்பாட்டைத் திரும்ப எடுக்க முடியாது, ஆனால் நான் சொன்னதைப் பொலிசுக்கு அப்படியே அனுப்ப முடியும் என்றார்.

பிறகு பேனையை மேசையில் வைத்துவிட்டு, எழும்பி, எங்களுக்கு முதுகைக் காட்டி யன்னலடியில் நின்றார். கடலைப் பார்த்தபடி மெதுவாக ஏதோ சொன்னார். அனிற்றா என் பக்கம் சரிந்தாள்.

“அப்பா, நீங்கள் இன்னும் பேர் சொல்லேல்லையாம். இப்ப எழும்பிப் போனால், தனக்கு ஆரெண்டு தெரியாதாம்.”

கதவு எனக்குப் பின்னால் இருந்தது. தை மாதம், அண்ணரின் கதிரை, றெஜினாவின் தங்கச்சி எல்லாம் அந்தக் கதவுக்கு வெளியேதான் நின்றன. அனிற்றா என் கையைப் பிடித்திருந்தாள். இழுக்கிறாளா, இருக்கச் சொல்கிறாளா என்று விளங்கவில்லை. என் வாயில் ‘நன்றி’ வந்து நின்றது. அதை விழுங்கினேன்.

பெயரை நானே சொன்னேன். எழுத்து எழுத்தாக, நோர்வே மொழியில். இங்கிரிட் திரும்பி வந்து இருந்து எழுதினார். நீளமான பெயர், முடிய நேரம் எடுத்தது.

7

தண்டம் வந்தது. கட்டினோம். தண்டம் கட்டியபடியால் குடியுரிமை தள்ளிப்போடப்பட்டது என்று இன்னொரு கடிதமும் வந்தது. றெஜினா பல நாள் என்னோடு கதைக்கவில்லை. அவளில் பிழை சொல்ல மாட்டேன். நேர்மையாக நடந்தால் எல்லாம் நன்றாக முடியும் என்று எழுத எனக்கும் ஆசைதான். அப்படி முடியவில்லை. தை வந்தது, போனது. நான் போகவில்லை.

அண்ணரிடம் சொன்னபோது கன நேரம் வானம் மட்டும் போனில் தெரிந்தது. பிறகு, “அப்ப நான் இன்னும் கொஞ்ச நாள் உயிரோட கிடக்க வேணும் போல” என்றார்.

தொப்பியைத் திரும்ப அலுமாரியில் வைக்கவில்லை, போட்டுக்கொண்டே வேலைக்குப் போனேன். சிலர் திரும்பிப் பார்த்தார்கள். மாரித் ஒருநாள் விரிப்பைப் பாதியில் நிறுத்தி, அது நீயா என்று கேட்டாள். நான்தான் என்றேன். நன்றி சொல்லவில்லை. அவள் மற்றப் பக்க முனையைப் பிடித்தாள். மடித்தோம். முனைகள் சேர்ந்தன. இவ்வளவுதான். ஆனால் அன்று வீட்டுக்கு நடக்கும்போது, இந்த ஊரில் முதல் தரமாக நான் யாரோ ஒருவனாக இல்லை. மரியநாயகமாகவே நடந்தேன். கூச்சம் போய்விடவில்லை. அதுவும் கூடவே நடந்து வந்தது, வரட்டும் என்று விட்டுவிட்டேன்.

இன்றைக்குத் திரும்பவும் வலை வளைத்தார்கள். எனக்குத் தெரியாது. அனிற்றாதான் பள்ளிக்கூடத்தால் நேரே சலவை அறைக்கு வந்து, கடலோரமாகப் போவோம் என்றாள். வளைவில் செம்மஞ்சள் உடுப்புகளைக் கண்டேன். பாதையிலேயே நின்றுவிட்டேன். போன வருடத்தைப் போலப் போய்ப் பிடிக்க என்னால் முடியாது. இப்போது எனக்குச் சட்டம் தெரியும்.

இங்கிரிட் கயிற்றில் நின்றார். எங்களைக் கண்டார். கூப்பிடவில்லை, கைகாட்டவுமில்லை. தன் பின்னால் மணலில் கிடந்த கயிற்றின் கடைசியைச் சப்பாத்துக் காலால் எங்கள் பக்கம் தள்ளிவிட்டு, முன்னுக்குத் திரும்பிக்கொண்டார்.

போனேன். பிடித்தேன். எனக்குப் பின்னால் அனிற்றாவும் பிடித்தாள். கையால் இழுத்து மூச்சு வாங்கினாள். “கையால இல்லை, உடம்பால இழு” என்றேன். மடி ஏறுமட்டும் விடவில்லை.

மீன்களைத் தொட்டிகளில் போட்டார்கள். நான் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு தள்ளி நின்றேன். எண்ணினார்கள், அளந்தார்கள். கொட் மீன்களை ஒவ்வொன்றாகத் தண்ணீருக்குள் விட்டார்கள். அவை வாலை ஆட்டிக்கொண்டு போவதைப் பார்ப்பதும் நன்றாகத்தான் இருந்தது. முடிந்ததும் இங்கிரிட் ஒரு தொட்டிக்குள் கையை விட்டு மூன்று கானாங்கெளுத்தியை எடுத்தார். அதற்குத் தடை இல்லை. என்னிடம் வந்தார். நான் பழக்கத்தில் கையை நீட்டப் போனேன்.

அவர் என் கையைப் பார்க்கவில்லை. குனிந்து, எனக்கு முன்னால் கிடந்த தட்டைக் கல்லில் மீன்களை வைத்தார். கையைக் காற்சட்டையில் துடைத்துக்கொண்டு, திரும்பிப் பாராமல் வலையைக் கழுவப் போய்விட்டார்.

நான் அனிற்றாவைப் பார்த்தேன். அவள் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றாள். காது சிவந்திருந்தது, குளிராகவும் இருக்கலாம்.

கொஞ்ச நேரம் மீன்களை அப்படியே கல்லில் கிடக்க விட்டேன். பிறகு எடுத்தேன்.

வீட்டுக்கு வந்து கையைக் கழுவாமலே அண்ணருக்கு போன் எடுத்தேன். என்ன மீன் என்றுதான் முதலில் கேட்டார். சொன்னேன். பின்னால் ட்ரக்டர் இரைந்துகொண்டிருந்தது. அது ஓயுமட்டும் பார்த்திருந்து, அடுத்ததைக் கேட்டார்.

“கையில தந்தவையோ?”

“இல்லையண்ணை. கல்லில வைச்சவை.”

“அப்ப சரி.”

2024 ஐப்பசி 15, செவ்வாய்க்கிழமை.